பெண்ணுக்கு இடக்கை

முதலில் மங்கியது ‘ஏ’. அடுத்தது ‘எஸ்’. அப்புறம் ‘ஈ’யும் ‘ஆர்’ரும், மார்கழிக் காலையில் நாகமலை தெரிகிற மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கும்படி ஆகிவிட்டன. ‘ஓ’வுக்கும் ‘எல்’லுக்கும் ‘எம்’முக்கும் ஒரு குறையும் இல்லை. அவை கருகருவென்று, சாப்பிட்டுக் கை கழுவிய பிள்ளைகள் போலத் தாளில் உட்கார்ந்திருந்தன.

நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற பஸ்கள் நிற்குமிடத்துக்கு எதிரே ஒரு ஜாப் டைப்பிங் கடை. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே வேலை பார்த்தேன். ஊருக்குள் கம்ப்யூட்டர் வந்திருந்தது. எங்கள் கடைக்கு இன்னும் வழி தெரியவில்லை. இரண்டு டைப்ரைட்டர், இரண்டு பெண்கள், ஒரு மின்விசிறி. ஆராய்ச்சி மாணவர்கள் கையால் எழுதிக்கொண்டு வருவதை நாங்கள் அடித்துக் கொடுப்போம். மாட்டுச் சாணத்தைப் பற்றி, சிலப்பதிகார காலத்து வணிகத்தைப் பற்றி, பட்டுப்புழுவைப் பற்றி. எதையும் படிக்க மாட்டோம். விரல் படிக்கும், தலை வேறெங்கோ அலையும். என் தலை எப்போதும் அலைவதுதான். உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாத புத்தி எனக்கு, இன்றைக்கும் அப்படித்தான்.

பக்கத்து மெஷினில் இருந்த அக்கா, வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் வீடு. பட்டு நெய்கிற சௌராஷ்டிரக் குடும்பம். எங்களோடு மதுரைத் தமிழ் பேசுவாள், எண்ணும்போதும் திட்டும்போதும் மட்டும் அவர்கள் வீட்டுப் பாஷைக்குப் போய்விடுவாள். நான் மேற்கே, கால்வாய்த் தண்ணீர் பாய்கிற ஊரில், வயல் வைத்திருந்த சம்சாரி வீட்டுப் பெண். ஆனையூருக்கு வாக்கப்பட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு முறை தங்கி, நாலாம் மாதம் கலைந்தும் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். பேசாமல் இருப்பதே ஒரு சத்தமாக, மூடாத குழாய் சொட்டுகிற மாதிரி, வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆராய்ச்சி மாணவர் தன் ஆய்வேட்டைக் கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர். பிரசவ ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடுகிற தொப்புள்கொடியை ஐஸ் பெட்டியில் வாங்கிவந்து, அதன் ரத்தக்குழாயின் உள்தோலில் இருக்கிற செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறவர். அவற்றைச் சீண்டிவிடுவாராம். சீண்டினால் செல்கள் சிவந்து கொதிக்குமாம். பிறகு மருந்தை ஊற்றி அமர்த்துவாராம். “பாம்பாட்டி வேலைதான் சிஸ்டர்” என்று அவரே சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெட்டியில் என்ன மீனா என்று கேட்டதையும் சொன்னார்.

அவர் கொடுத்ததில் பாதி அத்தியாயம் அடித்தோம். மறுவாரம் தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“சிஸ்டர், எல்லாம் இருக்கு, என் மருந்தை மட்டும் காணோம். கைடு கேக்குறாரு, நீ மருந்து ஊத்தினியா இல்ல வெறும் தண்ணியா ஊத்தினியான்னு.”

பார்த்தேன். டெக்ஸாமெத்தசோன் என்பது அந்த மருந்து. அதன் ஆங்கில எழுத்துகளில் பாதிக்கு மேல் இடக்கை விரல்கள் தட்டுகிறவை. அத்தனையும் வெளிறி, நடுநடுவில் ‘எம்’, ‘எச்’, ‘ஓ’, ‘என்’ மட்டும் கறுப்பாக, பல் விழுந்த வாய்போல இருந்தது அந்தச் சொல்.

ரிப்பனை மாற்றினேன். அப்படியேதான். அக்கா எழுந்துவந்து என் மெஷினில் உட்கார்ந்து ஒரு வரி தட்டினாள். எல்லா எழுத்தும் கன்னங்கரேல்.

“மெஷின் நல்லாத்தான்டி இருக்கு. நீதான் பாதி தூங்குற” என்றாள். பிறகு சிரிக்காமல் என் இடக்கையை எடுத்துப் பார்த்தாள். “ஏன்டி இம்புட்டு சில்லுனு இருக்கு? ஐஸ் பெட்டிக்குள்ள விட்டியா?”

கை வலிக்கத்தான் செய்தது. தலை வாரக் கையைத் தூக்கினால் கடுத்து இறங்கும். மொட்டைமாடிக் கொடியில் துணி போடும்போது நடுவில் நிறுத்திக் கையைத் தொங்கவிட்டு, வானத்தைப் பார்க்கிறவள் மாதிரி நிற்பேன். நிஜமாகவே வானத்தைப் பார்த்துவிட்டு, எதற்கு மாடிக்கு வந்தோம் என்று மறந்தும் போவேன். சாயங்காலமானால் ஒரு மெல்லிய காய்ச்சல், யாரோ உள்ளே சிம்னி விளக்கைக் குறைத்து வைத்துவிட்டுப் போன மாதிரி. அதை நோய் என்று நினைக்கவில்லை. என் சுபாவம் என்று நினைத்தேன்.

அத்தைதான் விடவில்லை. அத்தை என்றால் என் மாமியார். “கைக்கு என்ன வந்துச்சு, வா பாப்போம்” என்று தெருமுனை கிளினிக்குக் கூட்டிப்போனார். அங்கே நர்ஸ் பிரஷர் பார்க்க வந்தபோது நான் யோசிக்காமல் வலக்கையை நீட்டினேன். அத்தை அதைத் தட்டிவிட்டார்.

“இடக்கையைக் குடு தாயி. பொம்பளைக்கு இடக்கை.”

எங்கள் பக்கம் நாடி பிடிக்கிற வைத்தியர்களிடம் அது சட்டம். ஆணுக்கு வலக்கை பார்ப்பார்கள், பெண்ணுக்கு இடக்கை. நானும் பிறந்த ஊரில் அப்படிப் பழகியவள்தான். நர்ஸுக்கு எந்தக் கையானால் என்ன, நீட்டிய கையில் பட்டையைச் சுற்றினாள். பாதரசம் ஏறியது, இறங்கியது, எங்கே நின்றது என்றே தெரியவில்லை. மறுபடி அடித்தாள்.

“லோ பிரஷர். உப்புப் போட்டு எலுமிச்சை ஜூஸ் குடுங்கம்மா.”

அத்தைக்கு அதில் திருப்தி இல்லை. நாடி வைத்தியரிடமும் போனோம். அவர் என் இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார். நெடுநேரம் மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று அத்தை என்னைப் பார்த்தார். கடைசியில் கண்ணைத் திறந்து, “நாடி ரொம்ப அடங்கிக் கெடக்கு. ரத்தம் பத்தல” என்று ஒரு லேகியம் கொடுத்தார்.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் பாசம் உப்பாக மாறிவிட்டது. காலையில் உப்பு எலுமிச்சை. மத்தியானச் சோற்றுக்குள் ஒளித்து வைத்த கருவாடு. டைப்பிங் கடைக்குப் போகும்போது காகிதத்தில் மடித்த உப்பு நெல்லிக்காய். “பஸ்ஸுல போறப்பவே தின்னுரு. பிரஷர் ஏறுனாத்தான் பிள்ளை தங்கும்.” பேசாதிருந்த பேச்சு அப்படித்தான் வெளியே வந்தது, ஒரு நெல்லிக்காயின் வழியாக. நான் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை உறிஞ்சிக்கொண்டே போவேன். நாகமலை கூடவே நகர்ந்து வரும். பின்மண்டையில் ஒரு வலி கிண் கிண்ணென்று மணியடிக்கும். மலைதான் அடிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அக்காவின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. முதல்நாள் மத்தியானமே நான் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். வாசல் வரை பட்டு வாடை. உள்ளே பெண்கள் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்ள, எனக்கு ஒரு சொல்லும் புரியாமல், தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல நன்றாக இருந்தது. அரைத்த மருதாணியை அக்கா என் இடது உள்ளங்கையில் அப்பினாள், மணிக்கட்டு வரைக்கும். சாப்பிட வேண்டுமே, அதனால் வலக்கைக்கு அப்புறம்.

மருதாணி ஈரத்தோடு உட்கார்ந்திருந்தபோது தலைவலி வந்தது. இந்த முறை மணி இல்லை, உலக்கை. ஜன்னலுக்கு வெளியே தெப்பக்குளத்தின் நடு மண்டபம் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அவர்கள் தெருவிலேயே இருந்த டாக்டர் வீட்டுக்கு நடத்திப் போனாள்.

அங்கே இருந்த நர்ஸ் பட்டையை எடுத்தாள். நான் பழக்கத்தில் இடக்கையை நீட்டினேன்.

“ஐயோ, மருதாணி!” என்று அக்கா பாய்ந்தாள். “வலக்கையில பாருங்க. கலைஞ்சா கல்யாண வீட்டுல எங்கம்மா என்னைய நெய்ஞ்சுரும்.”

வலக்கையில் சுற்றினாள். பாதரசம் ஏறியது. இறங்குகிற வழியிலேயே துடிக்க ஆரம்பித்துவிட்டது, நூற்றுத் தொண்ணூறுக்குப் பக்கத்தில்.

நர்ஸ் மெஷினைத் தட்டினாள். “காலைலகூட நல்லாத்தான இருந்துச்சு.” அக்காவின் கையில் சுற்றிப் பார்த்தாள். ஒழுங்காக நூற்றிருபது காட்டியது. மறுபடி என் வலக்கை. மறுபடி அதே உயரம்.

“இவளுக்கு லோ பிரஷருங்க” என்றாள் அக்கா. “மூணு மாசமா உப்பு தின்னுக்கிட்டு இருக்கா.”

டாக்டர் எழுந்து வந்தார். என் இடக்கையை எடுத்து, அவர் மேஜைத் துண்டாலேயே மணிக்கட்டு மருதாணியை வழித்துவிட்டு விரலை வைத்தார். நகர்த்தி வைத்தார். முழங்கை மடிப்புக்குப் போனார். என் முகத்தைப் பார்த்தார். நாடி இல்லாத ஒருத்தி எதிரில் உட்கார்ந்து, துண்டு வீணாப் போச்சே டாக்டர் என்று பேசிக்கொண்டிருக்கிறாள்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்மா. இப்பவே.”

அன்று இரவு பார்த்தபோது என் உள்ளங்கை சிவந்திருந்தது. மணிக்கட்டு மட்டும், அவர் துடைத்த இடம், வெளுப்பாக.

படம் எடுத்தார்கள், சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, என்னையும் என் வீட்டுக்காரரையும் அத்தையையும் உட்காரவைத்துச் சொன்னார். இதற்கு நாடியில்லா நோய் என்றே ஒரு பெயர் உண்டு. சின்ன வயசுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். நெஞ்சிலிருந்து கைக்குப் போகிற பெரிய குழாயின் சுவர் வீங்கி, உள்வழி குறுகிவிட்டது. இடக்கைக்கு ரத்தம் சந்துவழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. உடம்பின் உண்மையான அழுத்தம் வலக்கையில்தான் தெரியும்.

“கிருமியா டாக்டர்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“கிருமி இல்லாம வர்ற சண்டை. கிருமியை அடிக்க நம்ம உடம்புல வெள்ளை அணு இருக்குல்ல, அது தன் வீட்டுச் சுவரையே அடிக்குது.”

நான் வாய்க்கால் தெரிந்த ஊரில் பிறந்தவள். “தண்ணியில கோளாறு இல்ல, கரைதான் வீங்குதா டாக்டர்?”

“கரைதான். அதுவும் உள்ளேருந்து இல்ல. பெரிய குழாயோட சுவருக்கும் ரத்தம் வேணும்ல? அதுக்குன்னு சுவருக்குள்ள மயிர் மாதிரி சின்னக் குழாய் ஓடுது. அதோட உள்தோல்ல இருக்கிற செல் சும்மா இருந்தா வெள்ளை அணு வழுக்கிக்கிட்டுப் போயிரும். எங்கேயோ இருந்து ஒரு சேதி வரும், வீங்குன்னு. உடனே செல்லு மேலெல்லாம் பசை மாதிரி முளைக்கும். போறதெல்லாம் ஒட்டும். ஒட்டினது உள்ளே இறங்கும். இறங்கினது இன்னும் நாலு பேருக்குச் சேதி அனுப்பும்.”

இதை நான் கேட்டிருக்கிறேன். கேட்கவில்லை, தட்டியிருக்கிறேன்.

“உள்தோலு எண்டோதீலியம்” என்றேன். “சேதி சைட்டோகைன்.”

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிப் போட்டார். “நர்ஸிங் படிச்சியாம்மா?”

“இல்ல டாக்டர். டைப் அடிச்சேன்.”

முதல்முறையாக அவர் சிரித்தார். சிரித்த முகத்திடம் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன். குழந்தை?

சிரிப்பை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார். அழுத்தம் இப்படி இருக்கும்போது தங்கினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. போன தடவை கலைந்ததற்கு இதுவே காரணமா என்று அவரால் சொல்ல முடியாது, இருக்கலாம். முதலில் வீக்கம் அடங்க வேண்டும். அடங்கி, ஒரு ஆறு மாதமாவது சத்தமில்லாமல் இருக்க வேண்டும். ஸ்டெராய்டு மாத்திரை, கூடவே வெள்ளை அணுவைத் தணிக்க இன்னொன்று, பிரஷருக்கு ஒன்று. “வாரத்துக்கு ஒரு தடவை போடுறது ஒண்ணு இருக்கு, நல்லாவே அடக்கும். ஆனா கருவையும் சேர்த்து அடக்கிரும். பிள்ளை வேணும்னு சொல்ற, அதனால அது வேணாம்.”

அத்தை கேட்டார். “உப்பு குடுத்தது தப்புங்களா?”

“உப்பைக் குறைக்கணும்மா.”

“குறைக்கிறதில்ல. குடுத்தது தப்பான்னு கேட்டேன்.”

டாக்டரம்மா அத்தையின் கையைத் தொட்டார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிகள் எதிர்வீட்டுக்குப் போய்விட்டன. எனக்கு மட்டும் உப்பில்லாமல் வைப்பதை அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வீடே உப்பில்லாமல் தின்றது. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். “டிப்போ கேண்டீன்ல போய் ஒரு வாய் ஊறுகாய் நக்கிட்டு வாரேன், ஆத்தாகிட்டச் சொல்லிராத” என்று என் காதில் சொல்லிவிட்டுப் போவார்.

மாத்திரையின் காலம் ஒரு நீளமான கனவு. ஸ்டெராய்டு உள்ளே போனதும் பசி வந்தது, தூக்கம் போனது. முகம் பௌர்ணமியாக ஊதியது. கண்ணாடியில் ஓர் அந்நியப் பெண், என் பொட்டை வைத்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக் கண்டக்டரே என்னிடம் டிக்கெட் கேட்டுவிடுவார் போலிருந்தது. அக்கா மட்டும், “இப்பத்தான்டி உனக்குக் களை வந்திருக்கு, முன்னாடி ஈர்க்குச்சிக்குச் சேலை சுத்தின மாதிரி இருந்த” என்றாள்.

ஆய்வேட்டை முடிக்க அந்த மாணவர் மறுபடி வந்தார். நான் அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவரிடம் முதல்முறையாகப் பொருள் கேட்டேன்.

“சார், நீங்க சேதியை ஊத்தி சீண்டுறீங்க. செல்லு ஒட்ட ஆரம்பிக்குது. அப்புறம் இந்த மருந்தை ஊத்துறீங்க. அது என்ன பண்ணும்?”

உற்சாகமாகிவிட்டார். அந்த மருந்து செல்லின் வாசலில் நிற்காதாம். நேராக உள்ளே போய், நடுவீட்டில், எந்தச் சாமானைச் செய் எந்தச் சாமானைச் செய்யாதே என்று ஏடு இருக்கிற அறைக்குள் நுழைந்து, பசை செய்யச் சொல்லும் குரலின் மேல் கையை வைத்துப் பொத்துமாம். குரல் நிற்காது, ஆனால் கேட்காது. பசை முளைக்காது. வெள்ளை அணு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

“சேதி எல்லாமே சண்டைச் சேதிதானா?”

“இல்ல சிஸ்டர். போதும் விடுன்னு சொல்ற சேதியும் உடம்புலயே இருக்கு. எது எப்பக் கேக்குங்கிறதுதான் பிரச்சினை.”

“கொடுத்தா அடங்கிருமா?”

“அடங்குச்சு” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், ஊதிய முகத்தை. அக்கா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் குரல் இறங்கிவிட்டது. “தட்டுல அடங்குச்சு சிஸ்டர். மனுசருக்குள்ள எப்படின்னு எனக்கு... நான் தட்டைத்தான் பாத்திருக்கேன்.”

அந்த நேர்மைக்காக அவருடைய மருந்தின் பெயரை, ஒவ்வோர் எழுத்தையும் இடது தோளிலிருந்து இறக்கி, ஓங்கி ஓங்கித் தட்டினேன். ஒரு பக்கம் முடிவதற்குள் கை மரத்துவிட்டது.

ஆடி மாதம் ஆனையூரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். எங்கள் தெருவில் குழாய் ஒலிபெருக்கி. அத்தை போய்க் கத்தி அதைக் குறைக்கச் சொல்வார். இது குறைந்ததும் அடுத்த தெருக்காரன், நமக்குத்தான் போட்டி என்று கூட்டுவான். அதைக் கேட்டு மூன்றாம் தெரு. படுத்துக்கொண்டு கேட்டிருப்பேன். எனக்குள்ளும் இப்படித்தான் தெருத்தெருவாகச் சேதி போகிறது என்று தோன்றும். யாரோ ஒருவன் போய் ஒரு திருகைத் திருகுகிறான், ஒரு தெரு அமைதியாகிறது, அடுத்த தெரு இன்னும் எழும்புகிறது. மாத்திரை என்பது, திருகு தேடி என் தெருக்களில் நடந்து திரிகிற ஆள். அவன் நடப்பதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். விடிகிற நேரத்தில் எல்லாக் குழாயும் ஓய்ந்து, எங்கோ ஒரு சேவல் மட்டும் இருக்கும்.

அடங்கியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனை. ரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழலில் எடுத்துச் செங்குத்தாக நிறுத்திவிடுவார்கள். ஒரு மணி நேரம். சிவப்பு மெல்ல மெல்லக் கீழே படியும், மேலே வெயில்நிறத் தெளிவு பிரியும். உள்ளே வீக்கம் இருந்தால் சீக்கிரம் படியும். அமைதியாக இருந்தால் மெதுவாக. மாதாமாதம் அந்த லேபில், ஸ்டாண்டில் வரிசையாக நிற்கிற குழல்களுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் போக மாட்டேன்.

“பாத்துக்கிட்டே இருந்தா இறங்காதுன்னு நினைப்பாக்கா?” என்று லேப் பெண் சிரிப்பாள்.

ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். நில்லு, நில்லு என்று என் ரத்தத்தைக் கெஞ்சினேன். வைகையில் தண்ணீர் வந்து வடிந்த பிறகு மணல் ஈரம் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதைவிட மெதுவாக இறங்கு. ஒரு பிள்ளை உள்ளே வந்து உட்காரும்படியான மெதுவில் இறங்கு. முதல் மாதங்களில் அது கேட்கவில்லை, கல் விழுகிற மாதிரி விழுந்தது. மழை மாதத்தில் கொஞ்சம் தயங்கியது. தை பிறந்து ஒரு காலையில் லேப் பெண் குழலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து என்னிடமே காட்டினாள். சிவப்பு, மேலேயே, ஏறக்குறைய விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் அது நின்றது. மாத்திரையைக் குறைத்தார்கள், அப்போதும் நின்றது. பௌர்ணமி தேய்ந்து என் முகம் எனக்குத் திரும்பி வந்தது. “சரி” என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு சொல்லோடு ஆனையூர் வரை நடந்தே போயிருப்பேன்.

இடக்கைக்கு மட்டும் நாடி திரும்பவில்லை. சுவரின் கோபம் தணிந்தது, குறுகிய வழி குறுகினபடியே நின்றுவிட்டது. அதே சமயத்தில்தான் எங்கள் கடைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. அதில் நான் முதலில் அடித்த சொல் டெக்ஸாமெத்தசோன். எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு. எந்த விரல் களைத்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அக்கா எட்டிப் பார்த்து, “உன் சோம்பேறித்தனத்துக்குன்னே கண்டுபிடிச்சிருக்கான்டி” என்றாள். எனக்கு ஏனோ அந்த மங்கிய ‘ஏ’யின் மேல் ஒரு ஏக்கம் வந்தது. நான் சொல்லாததை முதலில் சொன்னது அதுதானே.

அடுத்த வருஷம் பிள்ளை தங்கியது. மாத்திரையை நிறுத்தவில்லை, குறைந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் மாதத்தில் டாக்டரம்மா சொன்னார். “இப்ப உன் உடம்பே கொஞ்சம் சமாதானம் பேசும். பாதி அந்நியம் ஒண்ணு உள்ள வளருது, அதை அடிக்காம வச்சிக்கணும்ல? போதும் விடுங்கிற சேதி இப்பக் கொஞ்சம் பலமாக் கேக்கும். ஆனா பிரசவ நேரத்துல பிரஷரை நான் நம்ப மாட்டேன். வலக்கை. ஞாபகம் வச்சுக்கோ.”

ஞாபகம் வைத்துக்கொண்டது நானில்லை. வலி வந்து என்னைப் பிரசவ அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது எனக்கு எந்தக் கை எது என்றே தெரியவில்லை. வலி இல்லாத இடைவெளிகளில் எங்கோ தெப்பத்தில் மிதந்துகொண்டிருந்தேன். புது நர்ஸ் ஒருத்தி வந்து பக்கத்தில் இருந்த கையை எடுத்தாள். அது இடக்கை. அவள் பட்டையைச் சுற்றும்போதே கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல், ஆடி மாத ஒலிபெருக்கியைப் போல.

“வலக்கை! ஏம்மா நர்ஸம்மா, வலக்கை! எம் மருமகளுக்கு வலக்கையில பாரு!”

“பாட்டியம்மாவை யாராவது வெளிய கூட்டிட்டுப் போங்க” என்றார்கள்.

“நான் வெளியதான் நிக்கிறேன். நீ வலக்கையில பாரு, நான் அங்கிட்டுப் போறேன்!”

ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் அந்தக் குரல் வந்தது. வலக்கையில் பார்த்தார்கள். ஏறியிருந்தது. ஊசி போட்டார்கள், இறக்கினார்கள், மறுபடி பார்த்தார்கள். இடக்கையை நம்பியிருந்தால் எல்லாம் அடங்கிக் கிடக்கிறது என்று விட்டிருப்பார்கள். பொம்பளைக்கு இடக்கை என்று என்னைத் தட்டி வளர்த்த சட்டத்தை, அந்தச் சட்டத்தின் காவல்காரியே கதவுக்கு வெளியில் நின்று கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மகள் பிறந்தாள். கொடியை அறுத்தார்கள். அது போகிற தட்டை நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். முத்துச்சரம் மாதிரி முறுக்கிக்கொண்டு, நீலம் பாரித்து, சண்டை தெரியாத செல்கள்.

வார்டுக்கு வந்ததும் அத்தை பிள்ளையை வாங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கி, இடது மணிக்கட்டை எடுத்து விரலை வைத்தார். பிறகு வலது. பிறகு மறுபடி இடது. அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன்.

“இல்லையே” என்றார். “ஏத்தா, ரெண்டுலயும் இல்லையே.”

நர்ஸ் ஓடிவந்தாள். பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

“பச்சப்புள்ளைக்கு மணிக்கட்டுல கிடைக்காதும்மா. இம்புட்டுக்காணு கையி. இங்க, மேல, முழங்கைக்கு உள்பக்கம் பாருங்க.”

அத்தை பார்த்தார். விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு பிள்ளையை என் இடப்பக்கம் கிடத்தி, என் இடக்கையை எடுத்து, அதன் விரல்களை அந்தச் சின்ன மடிப்பில் வைத்தார்.

என் கை சில்லென்றிருந்தது, எப்போதும் போல. அதன் விரல் நுனிகளுக்கு அடியில், சிட்டுக்குருவி தானியம் கொத்துகிற வேகத்தில், ஒரு துடிப்பு. அது என்னுடையதில்லை. ஆனால் அது அடித்தது என் இடக்கையில்தான்.